கொட்டும் முன் கொடுப்போம்

வணிகப் பெருமக்களே! காலாவதியான பிஸ்கட், மாவுப் பாக்கெட்டுகளை மாதந்தோறும் குப்பையில் கொட்டுகிறோம். "இலவசமாகக் கொடுத்தால் ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு போய்விடுமே" என்கிறார்கள் சிலர். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17(5) பிரிவுப்படி, அழித்த சரக்குக்கும் அந்த வரவு கிடையாது. கொட்டினாலும் கொடுத்தாலும் நட்டம் ஒன்றே. கொடுத்தால் நாலு பேர் பசியாறுவார்கள்.

ஆனால், கடைசி நாளில் தள்ளிவிடுவது தர்மம் ஆகாது. ஏழையின் வயிறு குப்பைத்தொட்டி அல்ல. தேதி முடிய 15 நாள் இருக்கும்போதே சரக்கைத் தனியே பிரித்து வைப்போம். உபரி உணவு வழங்குவதற்கான விதிமுறைகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019லேயே வகுத்துவிட்டது. அதன்படி முதியோர் இல்லங்களுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் கொண்டு சேர்க்க, நம் சங்கம் வாரம் ஒரு வண்டி ஏற்பாடு செய்யட்டும். முதல் மாத வாடகை என் பொறுப்பு.