மறுத்தாரா? மறுப்பித்தார்களா?

துணுக்கு ஒன்று உலா வரப் பார்க்கிறது. பொது அறிவுத் தொகுப்பில் ஏற்றத்தக்கது என்ற பரிந்துரையும் அதற்கு இருக்கிறது. “நோபல் பரிசையே வேண்டாமென மறுத்த நாவலாசிரியர் போரிஸ் பாஸ்டர்நாக்” என்பதே அது. படித்த மாத்திரத்தில் நெஞ்சு நிமிர்கிறது. பட்டமும் பணமும் வாயில் தேடி வந்தபோதும் எட்டி உதைத்த ஏந்தல் என்று கைதட்டத் தோன்றுகிறது. தட்டுமுன் சற்றே பொறுங்கள்! அந்த ஒரு வரியைத் தராசில் இட்டுப் பார்ப்போம்.

1958 அக்டோபர் 23: இலக்கியப் பரிசு பாஸ்டர்நாக்குக்கு என்று ஸ்டாக்ஹோமில் அறிவித்தார்கள். அக்டோபர் 25: நன்றியும் மகிழ்ச்சியும் பொங்க அவர் தந்தி அனுப்பினார். மறுப்பவர் நன்றித் தந்தி அனுப்புவாரா? அக்டோபர் 27: சோவியத் எழுத்தாளர் சங்கம் அவரை வெளியேற்றியது. அக்டோபர் 29: பரிசை ஏற்பதற்கில்லை என்று மற்றொரு தந்தி பறந்தது. இரண்டு தந்திகளுக்கும் இடையே நான்கே நாட்கள்! அந்த நான்கு நாட்களைத்தான் துணுக்கு விழுங்கிவிட்டது.

இளங்கம்யூனிஸ்டு அமைப்பின் தலைவர் செமிசாஸ்ட்னி, பொதுமேடையில் அவரைப் பன்றிக்கும் கீழாக வைத்துப் பேசினார். பிறந்த மண்ணிலிருந்து விரட்டிவிடாதீர் என்று குருஷ்சேவுக்கு மடல் எழுதும் நிலைக்கு 68 வயதுக் கவிஞர் தள்ளப்பட்டார்.

அவர் செய்த குற்றந்தான் என்ன? ‘டாக்டர் ஷிவாகோ’ என்ற புதினத்தை எழுதினார். ‘நோவி மிர்’ ஏடு அதனை வெளியிட மறுத்தது. 1957இல் இத்தாலியின் பெல்ட்ரினெல்லி நிறுவனம் அச்சேற்றியது. அவ்வளவே! 1960இல் அவர் கண் மூடினார். அதே ஆண்டில் அவருடைய அன்புத் துணைவி ஓல்கா இவின்ஸ்காயா சிறைப்பட்டார். தடைப்பட்ட புதினம் 1988இல்தான் சோவியத் மண்ணில் அச்சாயிற்று. 1989இல் மகன் எவ்கெனி ஸ்டாக்ஹோம் சென்று தந்தையின் பதக்கத்தைப் பெற்றார். தந்தை தாமே உதறிய பொருளாயின், தனயன் சென்று வாங்குவானேன்?

“செய்தான் என்பது தன்வினை, செய்வித்தான் என்பது பிறவினை” என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். பாஸ்டர்நாக்கின் வாழ்வில் நடந்தது பிறவினை. துணுக்கு எழுதியவரோ அதைத் தன்வினையாக்கிவிட்டார். ஒரு வினைச்சொல் மாறியது. ஓர் அரசாங்கத்தின் கை மறைந்தது!

இந்த மாயம் ஒரு நாட்டோடு நிற்பதன்று. 1939இல் மருத்துவப் பரிசு பெற்ற ஜெர்மானியர் டோமாக், நன்றி தெரிவித்ததற்காக இட்லரின் கெஸ்டபோவினால் கைது செய்யப்பட்டார். பரிசைத் துறக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார். 1947இல் பதக்கம் வந்தது, பணம் வரவில்லை. அவரையும் ‘மறுத்தவர்’ பட்டியலில் சேர்த்துவிட்டால், கொடுங்கோலனின் சிறைக்கூடமும் துறவியின் குடிலாகிவிடும் அன்றோ!

எதிர் முகாம் மட்டும் தூயதா? அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ., அதே புதினத்தின் ரஷ்யப் பதிப்பை மறைவில் அச்சிட்டு, 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்கு வந்த சோவியத் மக்களின் கைகளில் சேர்த்தது. 2014இல் வெளியான அதன் ஆவணங்களே இதற்குச் சான்று. ஒருவர் அடித்தார், மற்றவர் ஆயுதமாக்கினார். நடுவே நசுங்கியவர் எழுத்தாளர்.

உண்மையிலேயே மறுத்தவரும் உண்டு. 1964இல் ழான் பால் சார்த்தர், யாரும் மிரட்டாமல், தம் கொள்கைக்காகவே பரிசை வேண்டாம் என்றார். இருவரையும் ஒரே வரியில் நிறுத்தினால், ஒருவரின் உறுதிக்கும் மதிப்பில்லை, மற்றவரின் துன்பத்துக்கும் மதிப்பில்லை.

“துணுக்குதானே, ஒரு வரியில் எவ்வளவு சொல்ல முடியும்?” என்பர் சிலர். இதோ, ஒரே வரி: “1958இல் நோபல் பரிசை மகிழ்ந்து ஏற்று, நான்கே நாட்களில் ஆட்சியின் நெருக்கடியால் அதைத் துறக்க நேர்ந்தவர் பாஸ்டர்நாக்.” மையும் அதிகம் செலவாகவில்லை, தாளும் அதிகம் செலவாகவில்லை. உண்மை மட்டும் உடன் வந்தது!

மேடை ஏறும் தோழர்களே! ஏடு எழுதும் இளைஞர்களே! ‘மறுத்தார்’, ‘விலகினார்’, ‘ஒப்புக்கொண்டார்’ என்ற சொற்களைக் காணுந்தோறும் கேளுங்கள்: தாமாகவா, பிறராலா? இந்த ஒரு வினாவை எழுப்பாமல் ஒரு துணுக்கையும் உங்கள் நாவில் ஏற்றாதீர்கள்!