ஏரிகளை எண்ணாத ஊர்த்திட்டம்

2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை என்னும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பெற்று, எழுபது வட்டங்கள் கொண்ட ஒரே ஆட்சிப்பரப்பாக வகுக்கப்பெற்றன. வரி ஒன்றாயிற்று, அலுவலகம் ஒன்றாயிற்று, பெயர்ப்பலகைகள் மாறின. ஆயின் இவ்வூர்களை நெடுங்காலத்திற்கு முன்னரே பிணைத்து வைத்திருந்தது நீர். எல்லை வகுத்தோர் அந்நீரின் போக்கை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சேலையூர் ஏரி நிரம்பினால் அதன் மிகைநீர் இராசகீழ்ப்பாக்கத்து ஏரிக்குப் போகும். அங்கிருந்து செம்பாக்கத்து ஏரிக்குப் போகும். சிட்லபாக்கத்து மிகைநீரும் செம்பாக்கத்திற்கே வரும். பின்னர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஆகிய ஏரிகளைக் கடந்து, பள்ளிக்கரணைக் கழுவெளியிற் பரவி, ஒக்கியம் மடுவின் வழியே கடலை நோக்கிச் செல்லும். ஓர் ஏரியின் கலங்கலிலிருந்து வழிவதே அடுத்த ஏரியின் வரத்துக்காலில் வருவது. 2021ஆம் ஆண்டு எல்லையிலோ செம்பாக்கம் உள்ளே, நன்மங்கலம் ஊராட்சியாக வெளியே, கீழ்க்கட்டளை மீண்டும் உள்ளே, பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியில்! ஒரே நீர் இத்தனை ஆட்சிகளின் வாயில்களைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

இதன் விளைவு என்ன என்பதை 2015ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கம் காட்டிற்று. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் மக்கள் மாடியேறி நின்று படகுக்குக் காத்திருந்தனர். அவ்வாண்டு வெள்ளத்திற்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதே கரணியம் எனப் பலரும் பேசினர். சென்னை நகரைப் பொறுத்தவரை அப்பேச்சில் பொருளுண்டு. ஆனால் செம்பரம்பாக்கத்து மிகைநீர் அடையாற்றில் வந்து கலப்பது திருநீர்மலைக்கு அருகில். முடிச்சூரோ அதற்கு மேற்புறத்தில், ஆதனூர் ஏரிப்பக்கத்தினின்று அடையாறு இறங்கிவரும் வழியில் இருக்கிறது. அங்கே வீடுகளுட் புகுந்தது அவ்வழியிலுள்ள ஏரிகளின் நீரே. வழிந்தோடுங் கால்களைத் தூர்த்து மனைகளாக்கிய பின் அது வேறெங்கே போகும்? 2023ஆம் ஆண்டு திசம்பர்ப் புயலிலும் அப்பகுதி மீண்டும் நீரில் நின்றது.

மனை வாங்கியவர்களைப் பேராசைக்காரர் என்று ஏசுவது முறையன்று. அவர்களிற் பெரும்பாலோர் எழுத்தர்கள், ஆசிரியர்கள், ஆலைத் தொழிலாளர்கள். வாழ்நாள் முழுதும் கட்டித் தீர்க்கவேண்டிய கடனில் ஒரு வீடு கட்டியவர்கள். அம்மனை ஒருகாலத்தில் ஏரியின் உள்வாயாக இருந்தது என்பதை அவர்களுக்கு யார் சொன்னார்? மனைப்பிரிவுக்கு இசைவு தந்த அலுவலகம் சொல்லவில்லை. உழவன் வைத்திருந்த சொற்கள் சொல்லியிருக்கும். தாங்கல், ஏந்தல், மடுவு, கழுவெளி, உள்வாய், கலங்கல், வரத்துக்கால், போக்குக்கால் என ஒவ்வொன்றும் அந்நிலத்தில் நீர் எவ்வாறு ஒழுகும் என்பதைக் குறித்து வைத்த சொல். அச்சொற்களை அழித்துவிட்டு 'அவென்யூ' என்றும் 'கார்டன்' என்றும் பலகை நட்டபோது, மொழி கெட்டது மட்டுமன்று. நிலத்தைப் பற்றிய அறிவும் உடன் போயிற்று. ஊர்க்கெல்லாம் பொதுவாக வரிக்குப் புறம்பே விடப்பெற்ற நிலத்திற்குப் புறம்போக்கு என்று பெயர். அச்சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது!

பிறரைக் குறைசொல்லுமுன் தமிழ்ப்பற்றாளர் தம் பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். 1923ஆம் ஆண்டளவில் வெள்ளையராட்சி மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பத் தொடங்கியது. 1976ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டமோ, நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் தமிழர் ஆட்சியிலேயே எழுந்தது. வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்திற்கு அடுத்து வைத்த பெருமகனுக்கு ஏரியைத் தூர்த்தா கோட்டம் எழுப்புவது? தேரின் அழகைப் பாடிய நாவுகள் அதைக் கேட்கவில்லை.

ஊர்வளர்ச்சியைத் திட்டமிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் சட்டத்திருத்தத்தின் அட்டவணையில், நகராட்சிகளுக்குரிய பணிகளுள் முதலாவதாக எழுதப்பெற்றிருப்பது நகரத் திட்டமிடலே. ஆனால் தாம்பரத்தின் நிலப்பயன் திட்டத்தை வரைவது தாம்பரத்து மாமன்றம் அன்று. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். அதன் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் வந்தது. 2026 வரைக்கும் உரியது. 2022இல் அக்குழுமத்தின் பரப்பு 1,189 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுரக் கிலோமீட்டராக விரிக்கப்பெற்றது. தில்லி தன் உரிமையைப் பறிக்கிறது என்று முறையிடும் மாநிலம், அம்முறையீடு மெய்யானதே எனினும், தன் ஊர்களின் உரிமையைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பது எவ்வகையில் பொருந்தும்?

தாம்பரத்திற்குத் தென்மேற்கே உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்திற்குக் குடவோலையால் ஆள் தெரிந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. அது பார்ப்பனர் ஊர். ஓலையிற் பெயரெழுதப்பெறும் தகுதி உழுதவனுக்கு இருந்ததில்லை. அக்குறையை மறைத்துப் பெருமை பேச வேண்டுவதில்லை. ஆயினும் ஏரியைக் காக்கத் தனிக்குழு, அக்குழுவுக்கு ஓராண்டே பணிக்காலம், கணக்குக் காட்டாதவர்க்கு மீண்டும் இடமில்லை என்னும் ஒழுங்கு அங்கே இருந்தது. அவ்வொழுங்கை எல்லார்க்கும் உரியதாக்கி எழுபது வட்டங்களிலும் அமைக்கத் தடை என்ன?

சிட்லபாக்கத்தில் அதற்கு ஒரு தொடக்கம் இருந்தது. ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிக் கழிவுநீர் தேங்கிய தம் ஏரியை 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஊர்மக்களே கூடையும் மண்வெட்டியுங் கொண்டு தூர்வார இறங்கினர். அதன்பின் அரசும் பணம் ஒதுக்கிச் சீர்செய்தது. பல்லாவரத்துப் பெரிய ஏரியோ, துரைப்பாக்கம் செல்லும் சாலையால் இரண்டாகப் பிளக்கப்பெற்றது; ஊர்க்குப்பையும் நெடுங்காலம் அதிலேயே கொட்டப்பெற்றது. இவ்வேரிகளின் நீர் சென்றடையும் பள்ளிக்கரணையில் 1,247 எக்டர் 2022இல் இராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சேர்க்கப்பெற்றது மகிழ்தற்குரியதே. எனினும் மேலேயுள்ள ஏரிகளிற் கழிவுநீர் கலக்கும் வரை, அக்கழுவெளிக்கு அப்பட்டியல் காகிதக் காப்பேயாகும்.

எனவே அடுத்துவரும் முழுமைத் திட்டத்தில் தாம்பரத்திற்கு முதலில் வரையவேண்டிய படம் சாலைப்படம் அன்று, நீர்ப்படம். ஆதனூர் முதல் அடையாறு வரை ஒன்று. சேலையூர் முதல் ஒக்கியம் மடுவு வரை மற்றொன்று. இடையிலுள்ள ஊராட்சிகள் எந்த ஆட்சியில் இருப்பினும் அவற்றையும் சேர்த்தே வரைதல் வேண்டும். வரத்துக்கால்களின் அகலம் பழைய நிலப்பதிவேட்டில் உள்ளவாறே மீட்கப்பெறல் வேண்டும். நிலத்தடிச் சாக்கடை சென்றடையாத தெருவில் அடுக்குமாடிக்கு இசைவு தரலாகாது. அப்படமும் திட்டமும் தூய எளிய தமிழில், ஒவ்வொரு வட்டத்திலும் மக்கள் கூடுமிடத்தில், மறுப்புரைக்கப் போதிய நாள் கொடுத்துத் தொங்கவிடப்பெறல் வேண்டும். முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதைச் சுவரிலுள்ள கறையைக் காட்டிச் சொல்லும் முதியவர்கள் இருக்கிறார்கள். திட்டக்காரர்கள் முதலில் அவர்களிடம் போகட்டும்.