ஆணிப் படுக்கையும் நம் ஆய்வகமும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

சங்ககிரியில் லாரி ஓட்டும் என் தந்தை, எல்லா டயர்களையும் தட்டிப் பார்த்த பின்னரே வண்டியை எடுப்பார். நம் ஆய்வகத்திலோ மின்சுற்றுப் பலகையைச் சோதிக்க, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு புள்ளி புள்ளியாகத் தேடுகிறோம். முனை வழுக்கிப் பக்கத்துக் காலையும் தொட்டால் ஐ.சி. போயிற்று! (சென்ற பருவத்தில் என் கையால் போனவை இரண்டு.)

தொழிற்சாலைகளில் இதற்கென ‘ஜிக்’ உண்டு. பீஷ்மரின் அம்புப் படுக்கை போல, சுருள்வில் பொதிந்த ஊசிகள் அதில் வரிசையாக நிற்கும். பலகையை வைத்து அழுத்தினால் வேண்டிய புள்ளிகள் அனைத்தையும் ஒருசேரத் தொடும். அது நமக்குக் கட்டுப்படியாகாது என்பது பழைய சாக்கு. பலகை வரைவதற்குக் ‘கீகேட்’ என்ற இலவச மென்பொருள் 1992இல் பிரான்சில் பிறந்தது. அதில் வரைந்த பலகையிலிருந்து சோதனைப் புள்ளிகளின் இடங்களை ‘ஓப்பன்ஃபிக்ஸ்சர்’ என்னும் மற்றோர் இலவச மென்பொருள் தானே எடுத்துக்கொள்கிறது. தகட்டின் கனத்தைச் சொன்னால், ஜிக்கின் பாகங்களை லேசர் வெட்டுக்கு ஏற்ப வரைந்தும் தருகிறது. சேலத்துப் பெயர்ப்பலகைக் கடைகளில் அக்ரிலிக் வெட்டும் லேசரே அதற்குப் போதும்.

“எல்லாம் இயந்திரமே செய்தால் மாணவனுக்கு என்ன வேலை?” என்பார் உளர். எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டுமென்று அம்மென்பொருள் அறியாதே! அதை நாமன்றோ சொல்ல வேண்டும்? செய்முறை வகுப்பின் நேரம் முனை பிடிப்பதில் கழியாமல் அந்தச் சிந்தனையில் கழியட்டும்.

ஆண்டுதோறும் நாம் செய்யும் 5 வோல்ட் மின்வழங்கிப் பலகைக்கு, அடுத்த ஆண்டுச் செயல்திட்டமாக ஒரு ஜிக் செய்யத் துறைத்தலைவர் ஐயா அனுமதி தர வேண்டுகிறேன். ஊசிகளின் செலவை நாங்களே பகிர்ந்துகொள்கிறோம்.