பூவுக்கு ஒரு குழி, காய்க்கு ஒரு குழி

மார்கழி விடியலில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணத்தில் பிடித்த பிள்ளையாருக்குப் பறங்கிப் பூவைச் சூட்டுவது நம் முன்னோர் வழிவந்த வழக்கம். அம்மாதம் முடிந்து தை பிறந்ததும், பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைக்கும் குழம்பில் பறங்கிக்காய் தவறாமல் இடம்பெறுகிறது. முன்பு இவ்விரண்டையும் கொல்லைப்புறமே தந்தது. இன்றோ புதுச்சேரி நகரில் பூவைக் கடையில் தேடுகிறோம். காயைக் கீற்றாக எடைபோட்டு வாங்குகிறோம். வீட்டின் பின்புறத்தில் இரண்டு குழிகளுக்கு இடம் இருந்தால் இந்தத் தேடல் வேண்டியதில்லை.

கொங்கு நாட்டினர் இக்காயை அரசாணிக்காய் என்பர். வேறு பகுதிகளில் மஞ்சள் பூசணி என்பதும் உண்டு. திருஷ்டி கழிக்கவும் கல்யாண விருந்துக்கும் பயன்படும் சாம்பல் பூசணி வேறு இனம். அது ஆசியாவுக்கே உரிய பழங்காய். பறங்கியோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியரின் கடல் வணிகக் காலத்தில் இங்கு வந்தது. பிரான்ஸ் நாட்டுக்குப் பெயர் தந்த பிராங்க் இனத்தாரின் பெயரே அரபு, பாரசீக மொழிகளின் வழியே திரிந்து, நம் நாவில் ‘பறங்கி’ ஆயிற்று. கடலூருக்குத் தெற்கே உள்ள பறங்கிப்பேட்டையும் சென்னையின் பறங்கிமலையும் அப்பெயரைத் தாங்கியவையே. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊரார்க்கு இச்சொல்லில் ஒரு தனிச்சுவை உண்டு. அயலார் என்று பெயரிலேயே அறிவித்து வந்த காய், சூரியனுக்கு நாம் இடும் படையலில் அமர்ந்துவிட்டது. அன்போடு வளர்த்து, இறைவனுக்கு அளித்து, பகிர்ந்து உண்ணும் பொருள் எங்கிருந்து வந்தாலும் நம்முடையதாகிவிடுகிறது.

பொங்கலுக்குக் காய் வேண்டுவோர் ஆனி மாதத் தொடக்கத்திலேயே விதைக்க வேண்டும். முதியவர் இருவர் மட்டும் வாழும் இல்லத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘கோ 2’ இரகம் பொருத்தமானது. அதன் காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். ஏறத்தாழ 135 நாள் பயிர். ‘கோ 1’ இரகத்தின் காய் ஏழெட்டுக் கிலோ எடையுள்ளது. அதனைத் தூக்குவதே நமக்குச் சிரமம். ஓர் அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியில் மேல்மண்ணையும் மக்கிய தொழுவுரத்தையும் கலந்து நிரப்பி, ஐந்து விதைகளை ஊன்றவும். முளைத்தபின் நலமான இரண்டு நாற்றுகளை மட்டும் விட்டுவிடலாம். நீரை வேரடியில் ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்க வேண்டாம். இலையைத் தின்னும் செவ்வண்டுகள் வந்தால், பனி ஈரம் உலரும் முன் அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய முறை.

மார்கழிப் பூவுக்காக இரண்டாம் விதைப்பை ஐப்பசியில் செய்யலாம். அப்போது புதுச்சேரியில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் என்பதால், தாழ்வாரத்தில் ஒரு தொட்டியில் நாற்றை வளர்த்து, பின்னர் நீர் தேங்காத மேட்டில் நடுவது நல்லது. கொடி முதலில் ஆண்பூக்களையே பூக்கும். “பூத்தது, காய்க்கவில்லையே” என்று வருந்தாதீர்கள். சில நாள்களில் பெண்பூக்கள் வரும்; அவற்றின் அடியில் சுண்டைக்காய் போன்ற பிஞ்சு காணப்படும். கோலத்துக்கு நீண்ட மெல்லிய காம்புள்ள ஆண்பூக்களையே பறிக்க வேண்டும். பெண்பூவைப் பறித்தால் ஒரு காயைப் பறித்ததாகும். ஆண்பூக்களிலும் இரண்டு மூன்றைக் கொடியிலேயே விட்டுவையுங்கள். அவை தேனீக்களின் பங்கு. பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறுமுன் குவிந்துவிடும். தேனீ வராத வீடுகளில் ஓர் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் காலையிலேயே மெல்லத் தடவினால் பிஞ்சு நிற்கும். பழ ஈ குத்தாதபடி பிஞ்சுக்குத் துணி உறையிட்டு, வளரும் காயின் அடியில் வைக்கோலோ ஓட்டுத் துண்டோ வைக்கவும்.

முதற்குழியின் காய்கள் ஐப்பசியில் முதிரும். தோலின் பச்சை நிறம் மாறியிருக்கும். காம்பு உலர்ந்து தக்கை போலாகும். நகத்தால் அழுத்தினால் தோல் உள்வாங்காது. இம்மூன்றும் சேர்ந்த பின்னரே அறுக்க வேண்டும். வங்கியில் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் எடுப்போருக்கு வட்டி குறையும். இங்கே சுவையோடு ஆயுளும் குறையும். காம்பை இரண்டு விரற்கடை விட்டு அறுக்கவும். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அது ஒடிந்த இடமே அழுகலுக்கு வாயில்.

அறுத்த காயைக் கழுவாமல் துடைத்து, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் வைத்தால் தோல் இறுகும். பின்னர் பலகையில் வைக்கோல் பரப்பி, ஒன்றையொன்று தொடாமல் வைக்கவும். நம் பாட்டிமார் உறியில் தொங்கவிட்டதன் காரணமும் இதுவே. காற்று எல்லாப் பக்கமும் படும், எலி எட்டாது. மழைக்காலச் சுவர் ஈரம் ஏறுமாதலால் வெறுந்தரையிலும் சுவரோரத்திலும் வைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை திருப்பிப் பார்த்து, மென்மை கண்ட காயை உடனே சமையலுக்கு எடுத்துவிடுங்கள். காயமில்லாத காய் பொங்கல் வரை நிற்கும்.

பொங்கலன்று மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றுடன் பறங்கியும் சேர்ந்த புளிக்குழம்பு நாம் அறிந்ததே. பல் வலுவிழந்தோர்க்குப் பால் கூட்டு ஏற்றது. இரண்டு கிண்ணம் துண்டுகளைச் சிறிது நீரும் உப்பும் இட்டுக் குழைய வேகவைத்து, ஒரு கிண்ணம் காய்ச்சிய பாலில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கவும். சற்று ஆறிய பின் வெல்லப்பொடி சேர்க்கவும். அடுப்பில் இருக்கும்போதே சேர்த்தால் பால் திரியக்கூடும். கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்தால் போதும். சர்க்கரை நோயுள்ளோர் வெல்லத்தை விட்டுவிடலாம். முதிர்ந்த காயின் இனிப்பே நிறைவு தரும். அளவாக உண்பது அவர்களுக்கு நலம்.

நறுக்கிய பறங்கி முழுக்காயைப் போல் காத்திராது. மூன்று நான்கு நாள்களில் கெடத் தொடங்கும். ஆகவே அதனை அறுக்கும் நாளிலேயே பக்கத்து இல்லங்களுக்கு ஆளுக்கொரு கீற்று அனுப்புவது அக்கால மரபு. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ, நாம் இருவராய்த் தனித்திருக்கும் இந்நாளில், அண்டை வீட்டாரின் கதவைத் தட்ட அந்த ஒரு கீற்று போதுமானது. உள்ளிருக்கும் விதைகளில் பருத்தவற்றைக் கழுவி நிழலில் உலர்த்தி, அவற்றிலும் நான்கைந்தை உடன் கொடுத்தனுப்புங்கள்.