ஓய்வுக்கு ஒரு கரை போதும்

ஓய்வுக்காகப் புறப்படும் தம்பதியர் பலர் களைப்போடு வீடு திரும்புகிறார்கள். ஐந்து நாள்களில் மூன்று ஊர்கள், நான்கு ஏரிகள், அதிகாலையில் வாடகைக் கார், இரவில் புதிய விடுதி என்று ஓடிய பயணத்தின் முடிவில் கைப்பேசியில் படங்கள் நிறைந்திருக்கும். இருவரும் அமர்ந்து பேசிய பொழுது மட்டும் இராது. ஊர் பார்க்கும் சுற்றுலா வேறு, ஏரிக்கரையில் இளைப்பாறும் விடுமுறை வேறு. ஓய்வே நோக்கமெனில், ஒரே ஏரியைத் தேர்ந்து குறைந்தது மூன்று இரவுகளாவது அதன் கரையில் தங்குவதே சரியென்பது என் கருத்து. அந்த ஒரு கரையைத் தேர்வதற்குச் சில அளவுகோல்கள் உண்டு.

முதலாவது, அமைதி. குமாவுன் மலைப்பகுதியில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள நைனிதால் அழகிய ஏரி என்பதில் ஐயமில்லை. ஆனால், மே, ஜூன் மாதங்களில் வட இந்தியச் சமவெளியின் வெப்பத்திலிருந்து தப்பி வருவோர் பெருந்திரளாக அங்கே கூடுகிறார்கள். மலைப்பாதையில் வாகனங்கள் நீண்ட வரிசையில் காத்து நிற்கின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் பீம்தால் இருக்கிறது. அதற்கு அருகில், ஓக் மரங்களும் பைன் மரங்களும் சூழ்ந்த சாத்தால் இருக்கிறது. காத்கோதாம் ரயில் நிலையத்தில் இறங்குவோர் நைனிதாலுக்குள் நுழையாமலேயே இவ்விடங்களை அடையலாம். ஸ்ரீநகரிலும் இவ்வாறே. தால் ஏரியின் படகு வீடுகளை நாடுவோர், அதனோடு இணைந்த நிகீன் ஏரியையும் எண்ணிப் பார்க்கலாம். அங்கே ஆரவாரம் குறைவு. புகழ்பெற்ற ஏரியின் பக்கத்தில் புகழ் குறைந்த ஏரி ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஓய்வு நாடுவோர்க்கு உரியது அதுவே.

இரண்டாவது, பருவம். உதய்ப்பூரின் பிச்சோலா 14ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்ட செயற்கை ஏரி, பருவமழையை நம்பியிருப்பது. மழை பொய்த்த ஆண்டுகளில் அது வற்றியதும் உண்டு. கோடைக்காலக் கட்டணச் சலுகையைக் கண்டு அவசரப்படுவதைவிட, மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் செல்வதே நன்று. ஒடிசாவின் சிலிகா உவர்நீர்க் காயலுக்கும் குளிர்காலமே ஏற்றது. தொலைதூரத்திலிருந்து வலசை வரும் பறவைகளை அப்போது காணலாம். சென்னையிலிருந்து ஹௌரா செல்லும் ரயில் பாதை அதன் கரையை ஒட்டியே செல்கிறது. பாலுகாவ் நிலையத்தில் இறங்கினால் பார்குல் கரை அருகிலேயே உள்ளது.

மூன்றாவது, உடல்நிலை. லடாக்கின் பாங்காங் ஏரியின் நீல நிறம் எவரையும் ஈர்க்கும். ஆயினும், அது 4,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரிலேயே இரண்டு நாள்கள் தங்கி, உடலைப் பழக்கிக்கொண்ட பின்னரே மேலே செல்வது பாதுகாப்பானது. இதயக் கோளாறோ உயர் இரத்த அழுத்தமோ உடையவர்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். ஒரு வார விடுப்பில் இளைப்பாற எண்ணுவோர்க்கு இது பொருத்தமான தேர்வன்று.

இவற்றைவிட முதன்மையானது, இடத்தை யார் தீர்மானிக்கிறார் என்பது. பல இல்லங்களில் ஒருவர் இடத்தை முடிவு செய்கிறார். மற்றவர் பெட்டியை அடுக்குகிறார். செலவு குறையும் என்று சமையலறையோடு கூடிய தங்குமிடத்தைக் கணவர் பதிவு செய்துவிட்டால், மனைவிக்கு அடுப்பு மாறுமே தவிர வேலை மாறாது. அதை விடுமுறை என்று சொல்ல இயலாது. பதிவு செய்வதற்கு முன், விடுமுறையில் தமக்கு வேண்டியவை மூன்றையும் வேண்டாதவை மூன்றையும் இருவரும் தனித்தனியே எழுதிப் பார்ப்பது நல்லது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால் எந்த ஏரி என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஒருவருக்குப் படகுப் பயணம் பிடிக்கும், மற்றவர் தண்ணீருக்கு அஞ்சுவார் என்பது பல ஆண்டு இல்லறத்திற்குப் பின்னரும் அப்போதுதான் தெரியவரலாம்.

"இவ்வளவு தொலைவு வந்தபின் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?" என்று கேட்போர் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பயணம் செய்ய இயலும் குடும்பங்களின் இந்த எண்ணம் நியாயமானதே. ஆயினும், ரயில் கட்டணம் செலுத்தியாகிவிட்டது என்பதற்காக மேலும் மூன்று ஊர்களைச் சேர்த்தால், வாடகைக் காரும் புதிய விடுதிகளும் வழியுணவும் செலவைக் கூட்டுகின்றன. ஓய்வு நேரமோ குறைகிறது. அந்தத் தொகையில் நீர்ப்பரப்பை நோக்கிய நல்ல அறையில் கூடுதலாக ஓரிரவு தங்கலாம்.

ஒரே கரையில் தங்கும்போதும் செலவில் கவனம் தேவை. வேம்பநாட்டு ஏரியின் படகு வீடு இரவு முழுவதும் நீரில் மிதந்து செல்லும் என்று பலர் எண்ணுகிறார்கள். மீனவர்கள் இரவில் வலை விரிப்பதால் படகுகள் மாலையிலேயே கரையோரம் கட்டப்படுகின்றன. ஆகவே, படகில் ஓரிரவும் எஞ்சிய இரவுகள் குமரகத்தின் கரையிலும் தங்குவது பணத்துக்கும் மனத்துக்கும் இசைவானது.

பயணத்திற்கென ஓராண்டுத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி மாதந்தோறும் சிறு தொகை சேர்த்தால், திரும்பி வந்தபின் கடன் அட்டையின் நிலுவை நம்மை வருத்தாது. முன்பணம் செலுத்துவதற்கு முன் பதிவை ரத்து செய்வதற்கான விதிகளையும் படித்துவிட வேண்டும்.

அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும் தம்பதியர், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்ளட்டும்: எந்தக் கரையில் அமர்ந்தால் எழுந்து செல்ல இருவருக்குமே மனம் வராது? அக்கரைக்கே பயணச்சீட்டு எடுக்கலாம்.