பிசினுக்கு நிறமூட்டல்

மாணவரும் மாதரும் ஓய்வு வேளையிற் பழகும் கைவினைகளுள் பிசின் வார்ப்பும் ஒன்று. இரு குப்பிகளில் வரும் எப்பொக்சிப் பிசினையும் இறுக்கியையும் கலந்து அச்சில் வார்த்தால், பதக்கம், காதணி, சிறு தட்டு முதலியன அழகுற அமையும். ஆயினும் நிறமூட்டும் இடத்திலேயே பலரது முயற்சி பாழாகின்றது. கைக்கெட்டிய வர்ணத்தை ஊற்றிவிட்டு மறுநாட் பார்த்தால், பொருள் இறுகாது விரலில் ஒட்டும்.

காரணம் எளிது. எப்பொக்சி, ஈரம் உலர்ந்து இறுகுவதன்று. இரு பகுதிகளும் இரசாயன முறையில் இணைவதால் இறுகுவது. இடையில் நீர் புகின் அவ்விணைப்புக் குலையும். கலங்கலும் குமிழும் தோன்றும். ஆகவே நீர் கலந்த வர்ணங்களும் உணவுச் சாயமும் இதற்கு ஆகா. உலர்ந்த நிறப்பொடியோ, பிசினுக்கென்றே விற்கப்படும் சாயமோ வேண்டும்.

மாத்தளைப் பகுதி அரக்கு வினைஞரின் முறையும் இத்தகையதே. அரக்கும் ஒரு பிசின்தான்; சிறு பூச்சிகள் மரக்கிளைகளிற் சுரப்பது. அதனைக் கரிநெருப்பில் இளக்கி, நிறப்பொடி சேர்த்து, அடித்தும் இழுத்தும் மடித்தும் நிறம் சீராகப் பரவச் செய்வர். பின்னர் நூல்போல் இழுத்து, பெருவிரல் நகத்தாற் கிள்ளி மரத்திற் பதிப்பர். ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் இவ்வினையை விரித்துரைத்துள்ளார். முற்காலத்திற் சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் பயன்பட்டன. முன்னதில் இரசமும் பின்னதில் ஆசனிக்கும் உள்ளமையால் இவற்றை வீட்டிற் கையாளவே கூடாது.

இனி அளவு. குப்பியிலுள்ள குறிப்பே முதன்மையானது. பொதுவாக 100 கிராம் கலவைக்கு 5 கிராமுக்கு மேல் நிறம் சேர்த்தலாகாது. மிகுந்தால் வார்ப்பு வலுவிழக்கும். முத்தொளி தரும் அப்பிரகப் பொடியோ இதனினும் குறைவாகவே போதும். பொடியை நேரே கொட்டினாற் கட்டி விழும். சிறிது பிசினிற் குழைத்துக் களியாக்கி, அதனை எஞ்சிய பிசினோடு கலந்து, கடைசியிலேயே இறுக்கியைச் சேர்க்க வேண்டும். இறுக்கி சேர்ந்தபின் ஆறுதலாகக் கலக்க நேரமிராது.

செலவைச் சுருக்க எண்ணி அடுக்களை மஞ்சட்டூளை எடுப்போரும் உளர். சுண்ணாம்பு பட்ட மஞ்சள் சிவப்பதை ஆலாத்தித் தட்டிற் கண்டிருப்பீர்கள். இறுக்கிகளும் பெரும்பாலும் காரத்தன்மை உடையன. எண்ணிய மஞ்சள் கிட்டாது போகலாம். கிட்டினும் வெயிலில் விரைவில் வெளிறும்.

பிசினும் வெயில்பட நாளடைவிற் பழுப்பேறும். வெண்மையில் அது முதலில் தெரியும்; இளநீலமோ பசுமை பாயும். செம்மையிலும் கருமையிலும் அவ்வளவாகத் தோன்றாது.

கையுறையின்றி இறுகாத பிசினைத் தொடவேண்டாம். சிலருக்குத் தோலழற்சி உண்டாகும். யன்னல்களைத் திறந்து வைத்தே கலக்குக. சிறுவர் பக்கத்தில் நிற்பின், பொடி அளக்கும்போதேனும் அவர்களை அப்பால் அனுப்புவது நன்று.

புதிய நிறமொன்றைப் பெரிய வார்ப்பில் இடுமுன், எஞ்சிய துளிகளைச் சிறு வில்லையாக வார்த்து, பாதியைக் கடதாசியால் மூடி, வெயில் விழும் யன்னலில் ஒரு மாதம் வைத்திருங்கள். பின்னர் கடதாசியை நீக்கி இரு பாதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.