புளி தெரிந்தவர்க்கு ஒயின் தெரியும்

மாசி பிறந்ததும் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையில் புளி உலுக்கத் தொடங்கிவிடுவார்கள். மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தேன், கடுக்காயோடு அதுவும் ஒரு வருமானம். ஏறத்தாழ அதே நாட்களில் நாசிக்கில் செனின் பிளாங்க், சோவிஞான் பிளாங்க் திராட்சை அறுவடை நடக்கும். இரண்டையும் இங்கே சேர்த்துச் சொல்லப் பருவம் மட்டும் காரணமில்லை. புளியிலும் திராட்சையிலும் நாக்கைச் சுண்டுவது ஒரே அமிலம்தான்: டார்டாரிக். வேறு பழங்களில் இது இவ்வளவு மிகுதியாக இருப்பது அபூர்வம். 1769இல் வேதியியலாளர் ஷீலே இதைப் பிரித்தெடுத்தது ஒயின் பீப்பாய்களில் படியும் உப்பிலிருந்து.

உணவகங்களில் ஒயின் பரிமாறப் பழகும் பிள்ளைகளுக்கு நாம் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஐரோப்பியக் குறிப்பை அப்படியே ஒப்பிக்க வைக்கிறோம். சோவிஞானில் 'கூஸ்பெர்ரி' மணம் வரும் என்று அதில் இருக்கும்; நம் பிள்ளை நெல்லிக்காயை நினைத்துக்கொண்டு கோப்பையை முகர்ந்து முகர்ந்து பார்ப்பான். அந்தப் பழம் வேறு, நம் நெல்லி வேறு. தவறு அவன் மூக்கில் இல்லை.

சமையலறையே போதும். புளிக்கரைசல் டார்டாரிக், எலுமிச்சை சிட்ரிக், மோர் லாக்டிக். மூன்றையும் நீர்க்கக் கரைத்து, கண்ணை மூடிக்கொண்டு ருசிக்கச் சொல்லுங்கள். மாலிக் அமிலத்துக்கு மட்டும் பச்சை ஆப்பிள் வாங்க வேண்டியிருக்கும். வெயில் நாட்டுத் திராட்சையில் பழுக்கும்போதே மாலிக் வேகமாகக் கரைந்துபோகும், டார்டாரிக் பெரும்பாலும் தங்கும். அதனால்தான் நம் நாட்டு வெள்ளை ஒயினின் புளிப்பு ஆப்பிளைவிடப் புளியின் பக்கம் நெருங்கி நிற்கிறது. குளிரவைத்த பாட்டிலின் அடியில் பளபளக்கும் துகளைக் கண்ணாடித்தூள் என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால், அது அதே அமிலத்தின் பொட்டாசிய உப்பு, தீங்கற்றது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டு வேறு கோப்பையில் வடித்துக் கொடுங்கள்; வாதம் வேண்டாம்.

செனின், சோவிஞான் இரண்டுமே பிரான்ஸின் லுவார் ஆற்றுப் பக்கத்தில் பேர்பெற்றவை. நாசிக்கில் இவற்றை ஊன்றியது சுலா ஒயின் நிறுவனம். அதன் முதல் ஒயின் 2000இல் வந்தது. சோவிஞான் பச்சை வாடையும் கூர்மையும் கொண்டது. செனின் சற்று உருண்டது. நாசிக் செனின்களில் பலவற்றில் மெல்லிய இனிப்பு மிச்சமிருக்கும். நம் சாப்பாட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும், இனிப்பு தணிக்கும். சாமைச் சோற்றோடு மிளகு தூக்கலான நாட்டுக்கோழி வறுவல், தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பு, இவற்றுக்குச் செனினை 8 முதல் 10 டிகிரி வரை குளிர்வித்துக் கொடுக்கலாம். கோமுகி அணை மீனை எண்ணெயில் பொரித்து எலுமிச்சை பிழிந்து வைத்தால் சோவிஞான்.

கள்ளக்குறிச்சியின் பெயரை எடுத்துவிட்டு 2024 ஜூனைச் சொல்லாமல் போக முடியாது. கருணாபுரத்திலும் சுற்றிலும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணைத் தாக்கும். ஒயினிலும் மெத்தனால் உண்டா என்று அதன் பிறகு மேசையில் கேட்கிறார்கள். உண்டு, திராட்சைத் தோலின் பெக்டினிலிருந்து மிகச் சிறிதளவு வரும். பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பின் வரம்பு சிவப்புக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம்; தோலை நீக்கிப் புளிக்கவைக்கும் வெள்ளைக்கு 250. கேட்பவரிடம் சிரித்து மழுப்பாமல் இந்த எண்ணைச் சொல்லுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கலாம்.

கடைசியாக, புளிக்குழம்பு. உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். மலைப்புளியைக் கரைத்து வற்றவைத்த குழம்புக்கு ஈடுகொடுக்கும் வெள்ளை ஒயினை நான் இதுவரை ருசித்ததில்லை. எது பொருந்தும் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் நீர்மோர் வையுங்கள்.